எண்ணெயில் முகம்

ஸ்கேன் காகிதத்தை
மிளகு ரசீதுகளுக்குள் ஒளித்து வைத்திருந்தாள் அம்மா.
தாண்டிக்குடியில் அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.
சில்வர் ஓக் மரங்களின் இடுப்புவரை மேகம்.

‘கழுத்தில் கொடி, ஒரு சுற்று’ என்று
வத்தலக்குண்டு மருந்துக்கடைக்காரர்தான்
எனக்குப் படித்துச் சொன்னார்.
பிறகு ஏற இறங்கப் பார்த்து
“நீங்க தாய்மாமனா?” என்றார்.

அந்த வாரம் முழுக்க
என் தட்டில் ஒரு தோசை கூடுதலாக விழுந்தது.
சித்தப்பா வந்து ஜீப்பின் பிரேக்கைத்
தானே மிதித்துப் பார்த்தார்.
முன்சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கியது, இரண்டு தடவை.
கொடி சுற்றிப் பிறக்கும் பிள்ளை மாமனுக்கு ஆகாது.
‘ஆகாது’ என்பதை மட்டும்
என் காதுபட ஒருவரும் சொல்லவில்லை.

வள்ளிமயில் எண்ணிக்கொண்டிருந்தாள்,
வயிற்றின் இடப்பக்கம் கையை வைத்தபடி.
காலையில் பத்து உதை. மத்தியானம் ஆறு.
“இப்ப அசையல அண்ணே” என்றாள் ஒரு ராத்திரி,
செருப்பைத் தேடிக்கொண்டே.

பெரும்பாறை தாண்டினால் இறக்கம்.
மூன்றாம் கியரில் குலுக்கும், இரண்டாம் கியரில் நேரமாகும்.
ஒவ்வொரு வளைவிலும் விளக்கு வெளிச்சம்
மலையை விட்டு வெறும் வானத்தில் விழுந்து
திரும்பிவந்து சாலையைப் பிடித்தது.
பின்சீட்டில் அம்மா
என் பேரைச் சொல்லி முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள்.
என் பேரை.
கத்திவிட்டேன்.
“அந்தப் பிள்ளைக்கு வேண்டிக்கம்மா,
சுத்தியிருக்கிறது அதோட கழுத்துல!”

சித்தரேவு வரை ஒருவரும் இருமக்கூட இல்லை.
சமவெளியின் வெக்கை வந்ததும்
தங்கை ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழற்றினாள்.
சேவுகம்பட்டி வேகத்தடையில் ஜீப் தூக்கிப்போட்டது.
“உதைச்சிருச்சு” என்றாள்.
வண்டியை நிறுத்தாமலே அழுதேன்.

“ரெண்டு சுத்து” என்றார் நர்ஸ்,
“ஸ்கேன்ல ஒண்ணுதான் தெரிஞ்சிருக்கு.
தலை வந்ததும் விரலை விட்டுக் கழட்டிட்டேன்,
உங்க ஊர்க்காரங்க மப்ளர் கழட்டுற மாதிரி.
வாரத்துக்கு நாலு இப்படி வரும்.”
சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

தீட்டுக் கழிந்த அன்று
வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய்.
மாமன் நேரே பார்க்கக் கூடாது, இதில்தான் பார்க்கணும்.
குனிந்தேன்.
முதலில் குண்டு பல்பு,
பிறகு என் மூக்கு,
அதன் ஓரமாகச் சுருங்கிய சின்ன நெற்றி,
நெற்றிக்குக் கீழே ஒரு கொட்டாவி.
யார் கையோ ஆடியதில் எல்லாம் கலைந்தது.
கொட்டாவி முடிவதற்குள் பார்த்துவிடலாமென்று
நிமிர்ந்துவிட்டேன்.

அம்மா “ஐயோ” என்றாள்.
பிள்ளையின் கழுத்து மடிப்பில்
பால் வழிந்து காய்ந்திருந்தது.
சுண்டுவிரலால் துடைத்தேன்.
இறுக்கமாக ஒன்றும் இல்லை அங்கே.

நேற்று மங்களங்கொம்புப் பக்கம் டயர் பஞ்சர்.
தாமதத்துக்குக் காரணம் கேட்டுவிட்டு
அம்மா தொட்டிலைப் பார்த்தாள்.
நான் சட்டைப்பையிலிருந்து
ஆணியை எடுத்துக் காட்டினேன்.