மஞ்சக் கடுதாசிக்காரர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி

உரிமம் புதுப்பிக்க
இன்னும் ஆறு மணி நேரப் படிப்பு பாக்கி எனக்கு.
திவால் வக்கீலும் கடன்காரிதான் என்று
அடிவாரம் செக்போஸ்டில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

இருபது கொண்டை ஊசி.
பன்னிரண்டில் காதடைத்தது.
பதினாறில் ஒரு குரங்கு
வாய்தா கேட்பதுபோல் கையை நீட்டிற்று.

ஏரிக்கரை விடுதி, இரண்டாம் மாடி.
மேசைக்கு மேசை பேனா, புதினா மிட்டாய்,
மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்.
நாமக்கல்லிலிருந்து லாரி வழக்குக்காரர்கள்,
ஈரோட்டிலிருந்து சாயப்பட்டறை வழக்குக்காரர்கள்,
கோவையிலிருந்து டை கட்டி மூன்று பேர்.
அஸ்தம்பட்டி கோர்ட்டில்
பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கடனுக்கு
மஞ்சக் கடுதாசி எழுதிப் பழகிய கை
அங்கே என்னுடையது மட்டும்தான்.
"ஐ.பி. குடுத்துட்டானாம்" என்று
செவ்வாய்ப்பேட்டை நாலு நாள் பேசும்.
அஞ்சாம் நாள் வெள்ளி விலை பேசும்.

சென்னையிலிருந்து வந்தவர்
திரையில் ஓர் அருவி வரைந்திருந்தார்.
சொத்து விற்ற பணம் இப்படித்தான் இறங்கும்,
மேல்படி நிரம்பினால்தான் கீழ்ப்படி நனையும் என்றார்.
முதலில் நடைமுறைச் செலவு,
"நம்ம ஃபீஸ்" என்றது பின்வரிசை, எல்லோரும் சிரித்தோம்.
அப்புறம் தொழிலாளியும்
அடமானம் பிடித்த வங்கியும் தோளோடு தோள்,
அப்புறம் மற்ற ஊழியர்,
அப்புறம் ஈடில்லாமல் பணம் கொடுத்தவர்,
அப்புறம் அரசாங்கம்,
அப்புறம் 'மீதமுள்ள கடன்கள்'.
நீல அம்புக்குறி படிப்படியாகக் குதித்தது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூல் ஆலை.
பெயரை மறைத்திருந்தார்.
இருபத்தெட்டாயிரம் கதிர் என்றார்.
படத்தின் ஓரத்தில் ஊதா கேட் தெரிந்தது.

அந்த கேட்டின் இடப்பக்கம் கேன்டீன்.
மூன்று ஷிப்டுக்கும் டீ ஊற்றினாள் பூங்காவனம்.
கம்பெனி தந்த டோக்கனையெல்லாம்
பால்மாவு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.
ஒரு ஞாயிறு முழுக்க எண்ணினோம்,
அவளும் நானும் என் ஜூனியரும்.
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.
படிவத்தில் 'கடன் ஏற்பட்ட விதம்' என்ற கட்டத்தில்
'டீ' என்று எழுதத் தயங்கினான் ஜூனியர்.
எழுது என்றேன்.

"மீதமுள்ள கடன்களுக்கு இதில் எவ்வளவு கிடைத்தது?"
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்.
கோவை டை ஒன்று
"பூஜ்யம்" என்றது.
சரியான விடை.
அடுத்த ஸ்லைடு.

சாயங்காலம் கிளியூர் அருவிக்கு இறங்கினேன்.
சித்திரை மாதம்.
பாறையில் ஒரே ஒரு ஈரக்கோடு,
அதன் அடியில் சிப்ஸ் பாக்கெட்.
அருவி எங்கேண்ணே என்று
காலேஜ் பையன்கள் கேட்டதற்கு
காப்பித் தோட்டத்து வாட்ச்மேன்
"இதேதான்" என்றார், கோபமில்லாமல்.
ஏரி வழிந்தால்தான் இங்கே விழுமாம்.
ஏரியில் தண்ணீர் இருந்தது.
மத்தியானம் நான் பார்த்தேன்,
வாத்து வடிவப் படகில் இரண்டு கோவை டை
மிதித்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சான்றிதழ்.
'திரு. அங்கயற்கண்ணி' என்று அச்சடித்திருந்தார்கள்.
ஆறு மணி நேரம் வரவு.
என் கணக்கு நேர்.

இறங்கும்போது வளைவுகளுக்கு எண் குறைகிறது.
ஒன்பதில் போன் அடித்தது.
"மேடம், அந்தப் பேப்பரு ஏதாச்சும் வந்துதுங்களா?"
பூங்காவனத்துக்குப் பின்னால்
வேறெந்தக் கம்பெனியின் சங்கோ ஊதியது.
வரிசையில இருக்கோம்மா என்றேன்.
மூன்று வருஷமாகச் சொல்லும் அதே வாக்கியம்,
அதில் பொய் ஒன்றும் இல்லை.
"செரிங்க மேடம், பாத்து வாங்க, மழ வர்றாப்ல இருக்கு."

அடிவாரத்தில் ஒரு டீ.
ஐநூறு ரூபாய் நோட்டைத் திருப்பித் தந்தான் கடைக்காரப் பையன்.
"சில்லற இல்லீங்க. அப்புறம் வர்றப்பக் குடுங்க."
அவனுக்கு என் பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

காருக்குப் போய்
சீட்டுக்கடியில் கைவிட்டுத் தேடினேன்,
ஒரு பத்து ரூபாய் காசு,
அப்புறம் ஓர் ஐந்து.