நாற்காலிக்கு அடியில்

க்டினியா துறைமுகம், ஆறாம் எண் கிரேன்.
தரையிலிருந்து நாற்பது மீட்டர் மேலே
ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரே நாற்காலி.
பகலில் லெஷேக், இரவில் நான்.
அவர் முழங்காலுக்கு நல்லதென்று படியில் இறங்குவார்,
நான் லிஃப்டில் ஏறுவேன்.
மூன்று வருடத்தில் முகம் பார்த்தது இரண்டு முறை:
தீயணைப்புப் பயிற்சியில் ஒன்று,
யாரோ ஓய்வுபெற்ற நாளில், கேக் வரிசையில் ஒன்று.

ஆனால் அவர் கால் நீளம் எனக்குத் தெரியும்.
ஏறியதும் நாற்காலியை நான்கு பல் இறக்க வேண்டும்.

முதல் சீட்டு, சரக்குப் பட்டியலின் முதுகில்:
"இரவு ஷிஃப்டுக்கு ஒரு இணையதளம்.
எங்கோ வடக்கே உறைந்த ஏரிக்கு அடியில்
மைக் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.
பெரும்பாலும் ஒன்றும் கேட்காது. விட்டுவிடாதே."
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டேகாலுக்கு, ஒரு கன்டெய்னர் அந்தரத்தில் இருக்கையில்,
பனி விரிந்தது:
தண்ணீருக்குள் யாரோ பழைய கதவைத் திறந்ததுபோல்.
லீவரில் கை அப்படியே நின்றது.
கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் திட்டினார்கள்.

பதிலுக்கு நான்:
"ஜப்பானில் ஒருத்தி
தெருவில் கிடக்கும் ஒற்றைக் கையுறைகளை மட்டும்
படமெடுத்துப் போடுகிறாள். எண்ணூறு ஆகிவிட்டது.
ஒன்றுக்குக்கூட ஜோடி கிடைத்தபாடில்லை."
அவர்: "பார்த்தேன். நேர விரயம்.
நானூற்றுப் பன்னிரண்டு என்னுடையது மாதிரியே இருக்கிறது."

பிறகு, லிதுவேனியத் தையற்காரர் ஒருவர்
தன் சமையலறையில் பதிந்த அக்கார்டியன்.
"ஏழாம் நிமிடத்தில் யாரோ இருமுவார்கள். அதுவரை பொறு.
இருமலுக்கு அப்புறம் வேறு ஆள் வாசிக்கிறார்."
உண்மைதான்.
அதற்குப்பின் பஸ்ஸில் எவர் இருமினாலும்
அடுத்து என்ன என்று காத்திருக்கிறேன்.

நான் வைத்த நாவல்
தொண்ணூறாம் பக்கத்தில் கடுகுக் கறையோடு திரும்பியது.
"இதற்கு மேல் முடியவில்லை. கறைக்கு மன்னிப்பு, கதைக்கு இல்லை."

படத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.
"மூன்று மணி நேரம். ஒருவன் கூரைக்கு ஓடு மாற்றுகிறான், அவ்வளவுதான்.
இதுவரை யாருக்கும் இதைச் சொன்னதில்லை."
அந்தக் கடைசி வரி கனத்தது.
ஞாயிறு மாலை உட்கார்ந்தேன்.
அவன் ஏணி சாத்தும்போதே தூங்கிப்போனேன்.

"அருமை" என்று எழுதினேன்.
"எந்த இடம்?"
"மழை வருகிற இடம்."
கூரைப் படத்தில் மழை வராமலா போகும்?

இரண்டு நாள் சீட்டில்லை.
நாற்காலி மட்டும் நான்கு பல் உயரத்தில்.
மூன்றாம் நாள்:
"அதில் மழையே கிடையாது, ப்ரோனியா.
ஆனாலும் உனக்காக முழுவதும் தேடினேன்.
கடைசியில் ஆணியில் ஒரு கோட்டு தொங்குகிறது.
அதன் ஓரம் ஈரமாயிருப்பதை
பதினோரு தடவை பார்த்தும் கவனித்ததில்லை நான்.
வெளியே பெய்திருக்க வேண்டும்.
நன்றி."

முகம் சுட்டது,
நாற்பது மீட்டர் உயரத்தில், பிப்ரவரியில்.

அந்த நன்றிக்குக் கடன் தீர்க்க
மூன்று ஞாயிறு முயன்றாயிற்று.
இரண்டாம் மணிவரை வந்திருக்கிறேன்.
அவன் இன்னும் ஓடு எண்ணிக்கொண்டிருக்கிறான்.
நானும் கூடவே எண்ணித் தூங்குகிறேன்.
கோட்டு இன்னும் வரவில்லை.

நேற்று மூடுபனி, கப்பல் தாமதம்.
"தூங்கிவிட்டேன், லெஷேக். மழை என் பொய்"
என்று எழுதி, மடித்து, பிரித்து, மறுபடி மடித்து
எப்போதும் வைக்கும் இடத்திலேயே வைத்தேன்.

இறங்குமுன், முதல்முறையாக,
நாற்காலியை அவருக்காக உயர்த்தினேன்.
லிஃப்டில் பாதி வழியில் நினைவு வந்தது,
எண்ணியது ஐந்து பல்.