மூன்று மூன்று எண்களாக

பிறக்கவே இல்லாத ஒருத்தி
காணாமல் போயிருந்தாள்.
இர்ம்கார்ட் டோல், கடல் வரைபடம் வரைபவள்.
அவளுக்கு ஒரு கையெழுத்து, ஒரு பல் மருத்துவர்,
பாதி அழிந்த பயணச்சீட்டு, எல்லாம்
யாரோ சிலர் உட்கார்ந்து செய்து வைத்தவை.
தெரிந்தேதான் தேடினோம்,
நாலாயிரம் பேர்.

மான்டெவிடியோவில் வாஷிங்டன் பெரெய்ரா
வானொலி இரைச்சலைத் திருப்பிப் போட்டுக் கேட்டான்.
ஹோபார்ட்டில் ஃபெர்கஸ் எதையும் நம்பமாட்டான்,
அதனாலேயே அவனில்லாமல் ஆகாது.
நான் வினிபெக்கில், பார்சல் கிடங்கில் இரவு வேலை;
சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
விட்ட இடத்தைப் பிடிப்பேன்.

ஒன்பதாம் வாரம்
புதிர் ஒரு பெஞ்சில் வந்து நின்றது.
போலந்தில் க்டினியா துறைமுகம்,
தண்ணீரைப் பார்த்த பெஞ்ச், அடியில் தகரப்பெட்டி.
டிராலிபஸ் ஓட்டும் போக்னா போனாள்,
மதிய நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில்
சீருடையோடு மண்டியிட்டுத் தடவினாள்.
காந்தம் ஒட்டிய காலி மீன் டப்பா.
உள்ளே நான்காய் மடித்த தாள்.

148 92 71
157 95 74

இப்படியே அடிவரைக்கும், இரண்டு பத்தியாக.
நடுங்கிய ஏழுகள்.

அப்புறம் தூக்கம் யாருக்கு?
பக்கம், வரி, சொல் என்றார்கள்.
தொண்ணூற்றிரண்டு வரி உள்ள பக்கம்
எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றான் ஃபெர்கஸ்.
அகராதியில் என்றார்கள்.
தீர்க்கரேகை 148, அட்சரேகை 92 என்று வைத்துப் பார்த்தோம்:
துருவத்தைத் தாண்டி இரண்டு பாகை,
உலகத்துக்கு வெளியே போய் விழுந்தோம்.
வாஷிங்டன் எண்களைச் சுரமாக்கி வாசித்தான்;
அவன் பூனை வீட்டைவிட்டு ஓடிற்று.

கடைசி வரி மட்டும்
171 104 96
அதற்கு எதிர்ப்பத்தி காலி.
அந்தக் காலியிடம்தான் சாவி என்று
எழுதியவன் நான்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

நான்காம் நாள் விடியாத நேரத்தில்
அக்குரேரியிலிருந்து ஹால்டோரா,
அதுவரை மூன்று முறைகூட வாய் திறக்காதவள்:
"ரத்த அழுத்தம். காலை ஒன்று, மாலை ஒன்று.
மூன்றாவது நாடித் துடிப்பு.
வார்டில் ராத்திரி முழுக்க இதைத்தான் எழுதுகிறேன்."

யாரும் ஒரு எழுத்தும் தட்டவில்லை.
என் முதுகுக்குப் பின்னால்
பெட்டிகள் பட்டையில் போய்க்கொண்டே இருந்தன.
நூற்று எழுபத்தொன்று.
மாலை, காலி.

எங்களுக்கு வைத்த பெட்டி
பத்தடி தள்ளி அடுத்த பெஞ்சுக்கு அடியில் இருந்தது.
போக்னா அதை எடுத்தாள், பையில் போட்டாள்.
என்ன இருந்தது என்று எழுதவில்லை.
தாளைத் திருப்பி வைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதினாள்.

இர்ம்கார்ட் டோல் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதாயிற்று.
துறைமுகத்தில் வண்டி திரும்பும்போதெல்லாம்
போக்னா இறங்கிக் குனிந்தாள்.
அதே தாள்.
அதே தாள்.
மழை.
அதே தாள்.

பதினோராம் நாள் ஒரு படம்.
புதுத் தாள், அதே நடுங்கிய ஏழு.

137 84 67

கீழே போலிஷில் இரண்டு வரி;
பிரேக்கில் கால் வைத்தபடியே மொழிபெயர்த்து அனுப்பினாள்:
"என் கணக்கை எடுத்துப்போன கழுதை யார்?
நான் மருந்துக்கடைக்குப் போவது
என் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

நான் கத்திய கத்தலில்
மேற்பார்வையாளர் பட்டையை நிறுத்திவிட்டார்.
மான்டெவிடியோவில் யாரோ பானையைத் தட்டினார்களாம்.

ஃபெர்கஸ் மட்டும்,
"அன்றைக்கு மாலை ஏன் காலி, யோசித்தீர்களா?
மாலையில் தாள் நம் கையில் இருந்தது" என்றான்.
"ஒரு நாள் அளவை வைத்து
எதுவும் சொல்ல முடியாது" என்றும்.
சொல்ல முடியாதுதான் என்றாள் ஹால்டோரா.
ஆனாலும், என்றாள்.

இர்ம்கார்டை நவம்பரில் கண்டுபிடித்துவிட்டார்கள்.
எங்கே என்று கேட்டால்
தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.