பதினொன்று முதல் நான்கு வரை

மினா அப்துல்லாவில் எங்கள் கேபின் சுவரில்
அமீரின் படம், பட்டத்து இளவரசரின் படம்,
கீழே ஏசி ரிமோட் தொங்கும் ஆணி.
என் ராஜாவுக்குப் படம் இல்லை.
எந்த மூலையில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பதும்
எனக்குச் சரியாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி
ஆறு பேர் சிட்டிக்குப் போவோம்.
மலையாளிகள் ஆராதனை முடித்து வெளியே வர
நாங்கள் உள்ளே. நாற்காலியில் இன்னும் சூடு இருக்கும்.
எனக்குப் பேஸ் குரல்.
ராஜாதி ராஜனே என்று நான் இறங்குமிடத்தில்
மைக் அதிர்கிறது என்பார் ஞானசிகாமணி அண்ணன்.
அதில் எனக்குப் பெருமைதான்.

சனிக்கிழமை விடிய ஐந்தேகாலுக்கு
அந்தக் குரலை வேனிலேயே விட்டுவிட்டு
ரெஜிஸ்டரைத் திறப்பேன்.

கோடையில் பதினொன்று முதல் நான்கு வரை
வெயிலில் யாரும் வேலை செய்யக்கூடாது. சட்டம்.
ஆகவே யாரும் செய்யவில்லை.
குழாய்ப் பள்ளத்தில் யாதகிரி இறங்கவில்லை.
மொக்லேஸ் ஷட்டரிங் தகடு சுமக்கவில்லை.
போன மாதம் முழுக்க
என் நீலப் பேனா அப்படித்தான் சொன்னது.
செய்யாத வேலைக்கு யார் சம்பளம் தருவார்?

பொய் எழுதியதாகத் தோன்றவில்லை எனக்கு.
கட்டம் காலியாகத்தானே இருந்தது.
காலிக் கட்டத்தில் என்ன பாவம் என்று
ஜெபத்தில்கூட வாதாடிப் பார்த்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டேன்.

நேற்று யாதகிரி கேபினுக்கு வந்தான்,
சண்டைக்கு அல்ல,
ஏடிஎம் சீட்டில் எவ்வளவு என்று கேட்க.
இரும்புத் தகட்டின் மேல் சோற்று டப்பாவோடு வைத்திருந்தானாம்,
பதினொன்று முதல் நான்கு வரை.
சீட்டு கறுத்துக் கிடந்தது,
ஒரு எண்ணும் மிச்சமில்லாமல்.
தாள் கறுக்கிற வெயில்.
"பரவால்ல அன்னா" என்று அவனே
எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

ராஜ்யம் வரட்டும், வரட்டும் என்று
பால்வாடி நாளிலிருந்து கேட்டு வருகிறேன்.
சுண்டுவிரல் அகலக் கட்டத்தில்
வந்து நிற்கும் என்று யார் நினைத்தது.

இன்று எழுதிவிட்டேன்.
பதினான்கு பேர், ஆளுக்கு ஐந்து மணி.
மூன்றாவது பெயரில் கை நடுங்கி
ஐந்து ஆறு போலாகிவிட்டது;
அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.
மார்ச் வரைதான் இக்காமா.
தங்கச்சி கல்யாணக் கடன் பாக்கி இருக்கிறது.
போன மாதத்துத் தாள்கள் சீல் வைத்து ஹெட் ஆபீஸில்;
அவற்றுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
யாதகிரியிடம் சொல்ல வேண்டும்.
அது இதைவிடக் கஷ்டம்.

முதீர் கூப்பிடுகிறார்.
ரெஜிஸ்டரோடு வரவேண்டுமாம்.

இரு ராஜாவே,
ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.