தயவுசெய்து

கீழ்க்கட்டளைக் கிணற்றடியில் லாரி நிரம்பிக்கொண்டிருந்தது.
மே மாதம். மணி பதினொன்று.
வாட்ஸப்பில் எழுபத்து மூன்று பேர் தண்ணீர் கேட்டு நின்றார்கள்.
ஒருவன் மட்டும் வேறு கேட்டான்.

அக்கா, ஒரு ஆறு நம்பர்
கை தவறி உங்க போனுக்கு வந்துடுச்சு,
கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.

உள்ளகரம் ஹாஸ்டல் வார்டன் இஸ்மாயிலின் படம், இஸ்மாயிலின் பெயர்.
இஸ்மாயில் காலையிலேயே களவு போயிருந்தது
எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு கையில் ஹோஸ், ஒரு கையில் போன்.
வழியுது, நிறுத்து என்று சுடலைமணி கத்துகிறான்.
கட்டை விரலால் தட்டினேன்:
நாலு, ஒன்பது, பூஜ்யம், இன்னும் மூன்று.
யாரிடமும் பகிராதீர்கள் என்று
அதே மெசேஜின் அடியில் எழுதித்தான் இருந்தது.
நான் எண்களை மட்டும் படித்துப் பழகியவள்.
பன்னிரண்டாயிரம் லிட்டர், சி பிளாக், மூன்றாவது சம்ப்.

போன் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

உள்ளே அவன்
என் லாரிப் படத்தை முகமாக வைத்துக்கொண்டு
நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எழுதினான்:
தயவுசெய்து அவசரமாக எட்டாயிரம் ரூபாய் அனுப்பவும்.
மாலையில் திருப்பித் தருகிறேன்.

முதலில் கூப்பிட்டது சி பிளாக் பத்மாசனி மாமி.
"ஜெசிந்தா, உன் போன்ல எவனோ
மரியாதையாப் பேசறான்டி!"

பதினான்கு வருடத் தொழில்.
அட்வான்ஸ் போடு, அப்புறம் பேசு.
லைன்ல நில்லு, வரும்போது வரும்.
இதுதான் என் பாஷை. ஊருக்கே தெரியும்.
அந்த ஒரு சொல்லில் அவனைப் பிடித்துவிட்டார்கள்,
நானூற்றுப் பதினோரு பேரும்.

மிச்சம் ஒருத்தி.

எண்ணூரில் இருக்கிறாள் என் தங்கை அமலோற்பவம்.
ஒரு சீட்டுப் பணத்தில் முறிந்து
ஒன்பது வருடம் பேச்சில்லை.
அவள் எண்ணை அழிக்கவுமில்லை, அழைக்கவுமில்லை.
அவள் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.
ராத்திரி நேராகக் கூப்பிட்டாள்,
வணக்கம் இல்லை, அக்கா இல்லை.
"போதுமா? இன்னும் வேணுமா?"

எவனோ பேர் காட்டியிருக்குமேடி என்றேன்.
"காட்டுச்சு. உன் டிரைவர்னு நெனச்சேன்."
நான் அப்படிக் கேக்குறவளா என்றேன்.
"அதான்.
நீ போய் தயவுசெய்துன்னு எழுதியிருக்கியே,
என்ன ஆச்சோன்னு கை கால் ஓடல."

1930க்குப் பேசினேன். புகார் எண் கிடைத்தது.
பணம் இன்னும் இல்லை.
போனில் திரும்ப நுழையப் போனால்
ரகசிய எண் கேட்டது. என்னுடையது அல்ல, அவன் போட்டது.
நான் பூட்டாத என் வாசலில் திருடனின் பூட்டு.
ஏழு நாள் காத்திரு என்றது.
ஏழு நாள் தண்ணீர் கேட்டவர்கள் எல்லாரும்
வாய் திறந்து கேட்டார்கள்.

எட்டாம் நாள் பூட்டினேன்.
பிறந்த நாள் வேண்டாம், ஆதார் அட்டை வரை அதுதான்.
வண்டி நம்பர் வேண்டாம், வண்டி முதுகிலேயே இருக்கிறது.
என்ன போட்டேன் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.
எங்கெங்கோ என் பெயரில் திறந்திருந்த கம்ப்யூட்டர்களை
ஒவ்வொன்றாக வெளியேற்றினேன்,
சம்புக்குள் விழுந்த பல்லியை எடுப்பதுபோல.

பிறகு அமலிக்கு எட்டாயிரம் அனுப்பினேன்.
அதன் கீழே ஒரு வரி.
தட்டி, அழித்து, மறுபடி தட்டி,
தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

நீல டிக் விழுந்ததும் போன் அடித்தது.
"இது நீயா, அவனா?"

நான்தான் என்றால் அவனும்தான் சொல்வான்.
சுடலைமணியைப் பார்த்துக் கையைக் காட்டினேன்.
மடிப்பாக்கம் ஏரிக்கரை அதிர
ஹாரன் அடித்தான்.

"இன்னொரு தடவை" என்றாள்.