இடப்பக்கத்துப் பின்காம்பு

உதைத்தது.
மூன்று ஈத்து கண்ட செவலை,
ஒரு நாளும் கால் தூக்காதது.
குவளை உருண்டு
பால் சாணத்தோடு ஓடியது.
தும்புக் கயிற்றால் இரண்டு போட்டேன்.
அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குருவிநத்தத்தில் அன்று ஒன்பதாம் நாள் மழை.
தென்பெண்ணை கரையைத் தொட்டு ஓட
கொட்டகையில் கணுக்கால் சேறு.
லாரித் தார்ப்பாய், தேர்தல் பேனர்,
எதை விரித்தாலும் விடிவதற்குள் ஈரம்.
அதிலேயே படுத்தது, அதிலேயே எழுந்தது.

சொசைட்டியில் பரசுராமன்
ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினான்.
"கரிக்குதுக்கா."
கேனை என் பக்கமே தள்ளினான்.

டாக்டர் ஷாகிரா ஸ்கூட்டரில் வந்தார்,
முழங்கால்வரை சேறோடு.
நாலு குழித் தட்டில் காம்புக்கொரு குழியாய்ப் பீய்ச்சி
ஊதா மருந்து விட்டுச் சுழற்றினார்.
மூன்று குழி தண்ணீராய் அலைந்தது.
நாலாவது
வடிகஞ்சிபோல் திரண்டு, சளிபோல் இழுத்தது.
மடிநோய் என்றார்.
"எப்போலேர்ந்து பால் குறையுது?"

ஆடியிலிருந்து.
ஒன்றரை லிட்டர்.
புண்ணாக்குக் கடைக்காரனைத் திட்டியிருக்கிறேன்.
கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறேன்.
இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்று
மாட்டின் ராசியைக்கூடப் பழித்திருக்கிறேன்.
வெளியே ஒன்றும் காட்டாமல்
உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்கிறது
மாசக்கணக்காய்.

நூற்றைந்து டிகிரி.
மூக்கு காய்ந்து, காது சில்லிட்டு,
அசைபோட மறந்த வாய்.
மடி உரசாமல் நிற்க
பின்கால்களை அகட்டி அகட்டி வைத்தது.

உள்ளங்கையை அந்தப் பக்கம் வைத்தேன்.
இந்தச் சூடு எனக்குத் தெரியும்.
இனியன் பிறந்த பதினெட்டாம் நாள்
இடப்பக்கம் கல்லாய் இறுகி
ஜாக்கெட் பட்டாலே உயிர் போனது.
ஜிப்மர் வரிசையில் நாலு மணி நேரம் நின்றேன்.
யாரையும் உதைக்கவில்லை.
உதைத்திருக்கலாம்.

கழுத்தில் ஊசி. காம்புக்குள் மருந்து,
காலையும் மாலையும்.
கடைசி மருந்து போட்டு
நாலு நாள் ஆகும்வரை
பாலை விற்கக் கூடாது, கன்றுக்கும் ஆகாது.
வியாழக்கிழமை குழுக் கடன் தவணை.
டீக்கடை கோதண்டம் பின்வாசலில் வந்து
பாதி விலை சொன்னான்:
"கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான்."
கேனின் பிடியில் என் கை இருந்தது.
கொஞ்ச நேரம் இருந்தது.
பிறகு கரும்புக்கொல்லை ஓரம்
குழி வெட்டிக் கொட்டினேன்,
எட்டு நாள்.
வெள்ளையாய்த்தான் இருந்தது.

உடம்பு தேறியது. அந்தக் காம்பு தேறவில்லை.
வதங்கிய கத்தரிப்பிஞ்சாய்த் தொங்குகிறது.
கடலூரிலிருந்து வந்த தரகர்
வாலைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்:
"மூணு காம்பு மாட்டுக்கு முக்கால் விலைகூட வராதும்மா."
வேண்டாம் என்றேன்.
கோபத்தில் சொன்னேனா, கணக்குப் போட்டுச் சொன்னேனா
எனக்கே தெரியவில்லை.

இப்போது விடிகாலையில்
மடி கழுவி, துணியால் ஒற்றி,
டம்ளர் வாயில் கருப்புத் துணி கட்டி
முதல் பீச்சை அதில் விடுகிறேன்.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்:
திரி இருக்கிறதா, துகள் இருக்கிறதா.
கறந்து முடித்ததும்
தீவனம் வைத்து நிற்கவைக்கிறேன்,
காம்பின் வாய் மூடும்வரை படுக்கவிடாமல்.

சில நாள்
ஒன்றுமில்லாமலே கால் தூக்குகிறது.
கையை எடுத்துக்கொள்கிறேன்.
இறக்கும்வரை
உட்கார்ந்திருக்கிறேன்.