கட்டைவிரல் துரு

மார்ச் ஞாயிறு. லியேஜில் மழை.
கூடத்துக்குள் நனைந்த கம்பளிக் கோட்டு வாசம்,
வாஃபிள் வாசம், துப்பாக்கி எண்ணெய் வாசம்:
நுழைவுச்சீட்டு ஒன்றுக்கு மூன்றும்.

பெரியவற்றை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை.
அவற்றுக்கென்று ஆண்கள் இருக்கிறார்கள்,
மீசையும் போர்த் தேதிகளும் வைத்துக்கொண்டு.
எனக்குக் கைக்கடக்கம் போதும்.
சீட்டுக்கட்டு நீளம், சோப்புக்கட்டி கனம்,
சட்டைப்பைக்குள் இருப்பது
தைத்தவனுக்கே தெரியக்கூடாது.

ஓடோன் பிரார் பச்சைத் துணி விரித்து
வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார், பிரசவ வார்டு போல.
முத்துச்சிப்பிப் பிடி போட்டது
ஒரு சூதாடியின் மனைவியுடையதாம்.
போன வருடம் அதுவே
ஒரு நாடகக்காரியுடையதாக இருந்தது.
விலை மட்டும் மாறவில்லை என்றேன்.
ஏறிவிட்டது, அட்டையைத் திருப்பிப் பார் என்றார்.

பக்கத்தில் ஒரு நாய்த்துப்பாக்கி.
சைக்கிள்காரர்களுக்கென்றே செய்த குட்டி ரிவால்வர்.
துரத்தும் நாய்களை நோக்கிச் சுட
ஈயத்துக்குப் பதில்
மிளகாய்ப்பொடி அடைத்தவர்களும் உண்டாம்.
நாய்க்கு அந்த மரியாதையாவது இருந்திருக்கிறது,
பொடியோடு விட்டார்கள்.

நான் வாங்கியது ஆறு புள்ளி மூன்று ஐந்து.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெர்ஸ்டாலில் பிறந்தது,
முதல் போருக்கு முன்னால்.
இடப்பக்கம் நிக்கல் தேய்ந்திருந்தது,
யாருடைய இடுப்பெலும்போ அதைத் தின்றிருக்கிறது.
ஒரு ஸ்குரூவின் வாய் கிழிந்திருந்தது,
சமையல் கத்தியால் திறந்திருக்கிறார்கள்.
அதற்கு இருபது யூரோ குறைத்தார்.

பிறகு அந்தத் துரு.
குழல் முனையை ஒட்டி, பட்டாணி அளவு.
லென்ஸை வைத்தேன்.
சுழி, சுழிக்குள் சுழி.
வியர்த்த கட்டைவிரல் ஒன்று அங்கே அழுந்தியிருக்கிறது.
துடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.
அப்புறம் இத்தனை வருடம்
எஃகு தானாகவே அந்த ரேகையை எழுதி முடித்திருக்கிறது.

"பித்தளைப் பஞ்சு, ரெண்டு சொட்டு எண்ணெய்,
அஞ்சு நிமிஷம்" என்றார் ஓடோன்.
"எண்பது யூரோ கூடும்."
பையில் போட்டுக்கொண்டேன்.

இருபத்தாறு வருடம் ரயிலில்
சீட்டுப் பரிசோதித்தவள் நான்.
முகங்கள் மறந்துவிடும்,
கைகள் நீட்டும் விதம் மறக்காது.
அன்று இரவு சமையலறை விளக்கடியில்
மேகசினை உருவி, அறையைப் பார்த்து, மறுபடி பார்த்து,
என் கட்டைவிரலை அந்தத் துருவில் வைத்தேன்.
பொருந்தவில்லை.
விரல் நுனி பிடியைப் பார்த்துக் கிடந்தது, தலைகீழாக.
எப்படிப் பிடித்தால் அப்படி விழும்?

திருப்பினேன்.
குழல் வாய் என் வயிற்றைப் பார்த்தது,
பிடி எதிர்ப்பக்கம் நீண்டது.
விரல் போய் உட்கார்ந்தது, செருப்பில் கால் போல.

சுடப் பிடித்த கை இல்லை. கொடுக்கப் பிடித்த கை.

யாரிடம்?
ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிச் சுவரில் அறிவிப்பு ஒட்டிய
ஏதோ ஒரு வருடத்தில், நகர மண்டப மேசையிலா?
தனியாக ஊர் மாறும் தங்கையிடமா?
இதை நீயே வைத்துக்கொள்,
என்னிடம் இருந்தால் நல்லதில்லை என்று
ஓர் அதிகாலையில் மனைவியிடமா?
பதிவேட்டில் 'குறைகள்' என்ற கட்டத்தில்
துரு என்று எழுதினேன்.
அடித்தேன்.
கட்டம் காலியாக இருக்கிறது.

வியாழக்கிழமை மாடிவீட்டு ஃபெர்னாந்த் கோல்சூல்
இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தர வந்தாள்.
இதைப் பார்க்கலாமா என்றாள்.
வாழ்நாளில் தொட்டதில்லையாம்.
காலிதான், பார், என்று காட்டிவிட்டு
முறைப்படி நீட்டினேன், பிடி அவள் பக்கம்.

ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.
மறுபடி துடைத்தாள்.
அவள் கை வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.
அதற்குள் எனக்கு
விரல் வியர்த்துவிட்டது.